கோப்பையும் சணல் நூலும்

போன ஞாயிறு பின்னேரம் மருமகன் வந்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். கையில் ஒரு கொப்பித்தாள், அதில் முப்பது சாமான்களின் பெயர்கள்.

"மாமா, நாங்கள் நாலு பேர் மணற்காட்டிலை ஒரு ராத்திரி ஹமொக் கட்டிப் படுக்கப்போறம். இதிலை எதை வாங்கிறது, எதை விடுறது?"

"இரு. முதல் தேத்தண்ணியைக் குடி. பனங்கட்டி தட்டத்திலை கிடக்கு."

தாளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பனி கொட்டுகிற மலைக்காட்டுக்குரிய சாமான்கள். வடமராட்சி மணலில் படுப்பவனுக்கு அவை சுமை மட்டும்தான். கடைக்குப் போகமுன் அந்தப் படுக்கை எப்படித் தாங்குகிறது என்று தெரிந்துகொண்டால் தாள் தானாகச் சுருங்கிவிடும்.

ஹமொக் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. அம்மாவின் பழைய சேலையை வீட்டு வளையில் கட்டித் தொங்கவிட்ட ஏணையில் கிடந்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்கள் பெரியவர்களுக்கும் ஏணை கட்டினார்கள். 1492இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கியபோது அதைக் கண்டார். 'ஹமாக்கா' என்ற அவர்களுடைய சொல்லும் பொருளும் சேர்ந்தே ஐரோப்பாவுக்குப் போயின. கப்பல் எந்தப் பக்கம் சரிந்தாலும் தொங்குகிற படுக்கை ஆளை உருட்டிவிடாது என்று கண்ட மாலுமிகள் பல நூற்றாண்டுகள் அதில்தான் தூங்கினார்கள்.

ஆனால் ஏணைக்கும் ஹமொக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஏணை ஒரே கயிற்றில் நேராகத் தொங்குகிறது. பிள்ளையின் பாரம் எவ்வளவோ அவ்வளவுதான் கயிற்றுக்கும். ஹமொக் இரண்டு மரங்களுக்கு நடுவில் தொங்குகிறது. அங்கே கணக்கு மாறிவிடும்.

அவன் குடித்து முடித்த கோப்பையின் பிடிக்குள் ஒரு சணல் நூலை விட்டு, இரண்டு நுனிகளையும் அவனுடைய கைகளில் கொடுத்தேன். "இப்ப நூலை நேராக்கு."

இழுத்தான். கோப்பை மேலே வந்தது, நூல் நேராகவில்லை. இன்னும் இழுத்தான். விரல் சிவந்தது. நடுவில் அந்தச் சின்னப் பள்ளம் அப்படியே இருந்தது.

"கோப்பையின்ரை பாரம் கூடினதோ?"

"இல்லை."

"அப்ப விரல் ஏன் நோகுது?"

விடயம் இவ்வளவுதான். எழுபது கிலோ ஆள் படுத்திருக்கும்போது, இரண்டு பக்கப் பட்டியும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால், ஒவ்வொரு பட்டியும் எழுபது கிலோ பாரத்தைத் தாங்கும். சரிவு 15 பாகையானால் அது 135 கிலோ. 5 பாகைக்கு இழுத்துக் கட்டினால் 400 கிலோ. ஆள் அதே ஆள்தான். கொடியை விறைப்பாகக் கட்டி ஈரப் போர்வையைப் போட்டதும் கயிறு அறுவது இதனால்தான். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழையும் இதுவே: தொய்ந்தால் நிலத்தில் முட்டும் என்று பயந்து இறுக்கிவிடுவார்கள். பாகைமானி தேவையில்லை. ஆள் ஏறிப் படுத்தபின், ஒரு மீற்றர் பட்டிக்கு அரை மீற்றர் இறக்கம் இருந்தால் அது 30 பாகை. மரங்களுக்கிடையில் நாலைந்து மீற்றர் இருக்கட்டும். பட்டி தலை உயரத்தில், இருக்கை கதிரை உயரத்தில். அவிழ்ந்தாலும் கதிரை உயரத்திலிருந்துதான் விழுவாய்.

ஆகவே முதல் காசு பட்டிக்கு. ஓர் அங்குலமாவது அகலமுள்ள பொலியெஸ்டர் பட்டி வேண்டும். நைலோன் ஈரத்தில் இழுபடும். இரவில் ஏறிப் படுத்தவன் விடிய மணலில் கிடப்பான். மீன்பிடிக் கயிறு குருநகரில் தாராளமாகக் கிடைக்கும், பாரமும் தாங்கும். ஆனால் உருண்டைக் கயிறு மரப்பட்டையை அறுக்கும். வேம்புக்கும் பூவரசுக்கும் உணவு ஓடுகிற பாதை பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. பனையின் உடல் வேறுவிதம். அதன் குழாய்கள் தண்டு முழுக்கப் பரந்து கிடப்பதால் மேல்காயத்தால் மரம் செத்துப்போகாது. ஆனால் பட்ட காயம் ஆறவும் மாட்டாது. எந்த மரத்திலும் ஆணி அடிக்கக்கூடாது.

மரத்தைத் தெரிவதும் சாமான் தெரிவதுபோலத்தான். தொடையளவாவது பருமன், நிமிர்ந்த நிலை, உயிருள்ள மரம். முருங்கையை நம்பி ஏறக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கட்டவும் கூடாது. தென்னைக்குக் கீழே படுக்கவே கூடாது. பனை இரும்புபோல நிற்கும், ஆனால் பனம்பழக் காலத்தில் அதன் கீழே தலையை வைக்காதே. மற்றக் காலத்திலும் அண்ணாந்து காவோலை தொங்குகிறதா என்று பார். மணற்காட்டுச் சவுக்கு மணலில் நிற்கிற மரம். சரிந்ததையும் பட்டுப்போனதையும் விட்டுவிடு.

இரண்டாவது காசு நுளம்பு வலைக்கு. மேலே மட்டும் மூடுகிற வலை போதாது. முதுகோடு இறுகி ஒட்டியிருக்கும் மெல்லிய துணிக்குள்ளால் நுளம்பு கீழிருந்து குத்தும். ஆதலால் ஹமொக்கை முழுதாகச் சுற்றி மூடுகிற வலை வேண்டும், அல்லது முதுகுக்குக் கீழே தடித்த விரிப்பு வேண்டும். இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது உண்மைதான். டெங்கு போகவில்லை. அந்த நுளம்பு பகலில் கடிப்பது, மத்தியான நித்திரைக்கும் வலை வேண்டும்.

மூன்றாவது தறப்பாள். இந்தச் சொல்லைக் கேட்டால் என் வயதுக்காரருக்கு 1995 ஒக்டோபர் 30 இரவு நினைவு வரும். வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து, மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. தறப்பாள் கட்டுவதை நாங்கள் பொழுதுபோக்குக்காகப் பழகவில்லை. பழகினதில் இரண்டு விடயம் உனக்கு உதவும். ஒன்று, காற்று வருகிற பக்கத்தைப் பதித்துக் கட்டு. இரண்டு, தொய்யவிட்டால் நடுவில் குளம் கட்டும், இழுத்துக் கட்டு. அப்போது அவன் இடைமறித்தான்.

"ஹமொக்கை இறுக்காதை எண்டீங்கள். இதை இழுத்துக் கட்டு எண்டுறீங்கள்."

"தறப்பாளிலை ஆள் படுக்கிறேல்லை, தண்ணி ஓட வேணும். ஹமொக்கிலை ஆள் படுக்கிறது."

மூன்று மீற்றர்ச் சதுரம் ஒருவருக்குப் போதும். மூலைக்கு மூலை பிடித்தால் நாலு மீற்றருக்கு மேல் நீளம் வரும். அந்த நீளத்துக்குக் கீழே ஹமொக்கைக் கட்டலாம். மழைத்தண்ணீர் மரத்திலிருந்து பட்டி வழியே இறங்கிப் படுக்கைக்குள் வரும். தறப்பாளுக்கு உள்ளே, பட்டியில் ஒரு துண்டுச் சணலை முடிந்து தொங்கவிட்டால் தண்ணீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும்.

மிஞ்சிய காசு துணிக்கு. பரசூட் துணி என்று விற்கிற நைலோன் நல்லது: பாரமில்லை, உப்புக்காற்றிலும் கெதியாகக் காயும். பருத்தி சுகமானது, ஆனால் நனைந்தால் ஒரு நாள் போய்விடும். நீளம் மூன்று மீற்றருக்குக் குறையக்கூடாது. ஏணையில் பிள்ளை வளைந்து கிடக்கலாம், உன் முதுகு சம்மதிக்காது. நடுக்கோட்டில் நேராகப் படுக்காமல் தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் சற்று விலக்கிக் குறுக்காகப் படுத்தால் உடம்பு ஏறக்குறைய மட்டமாகிவிடும். கட்டையான துணியில் இப்படிக் குறுக்கே படுக்க இடம் இராது. கடற்கரை விடுதிகளில் இரு முனையிலும் தடி வைத்துத் தொங்குகிற வலை பார்க்க வடிவு. புரண்டால் கவிழ்த்துவிடும். இரவு நித்திரைக்கு அது வேண்டாம்.

இனி அவன் தாளில் வெட்டவேண்டியவை. இறகு அடைத்த கீழ்ப்போர்வை ஒன்று எழுதியிருந்தான். யாழ்ப்பாணத்து மார்கழிக் குளிருக்கு அது அதிகம். ஆனால் முதுகுக்குக் கீழே காற்று ஓடுவதால் வாடைக்காற்றில் விடியப்புறம் குளிரும். ஒரு சாரத்தை மடித்துக் கீழே விரித்தால் போதும். நுவரெலியாவுக்குப் போகிற அன்று வேறு கணக்குப் பார்க்கலாம். அலுமினியக் கதிரையையும் மடக்கு மேசையையும் அவனே வெட்டினான். டோர்ச்சை விட்டுவைத்தோம். இரவில் தரையில் படுத்திருப்பவரைத் தீண்டுவது கட்டுவிரியனின் வழக்கம், அதனால் தொங்கிப் படுப்பதில் நன்மை இருக்கிறது. ஆனால் இரவில் இறங்கினால் கால் மணலில்தான் படும். சுருட்டைப் பாம்பும் மணலில்தான் கிடக்கும். செருப்பை ஹமொக்கோடு கட்டித் தொங்கவிடு. வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கு.

போகிற இடத்துக்கும் காலத்துக்கும் ஒரு சொல். ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை மாரி. சோளகம் பெயர்ந்தால் மணல் முகத்தில் அடிக்கும். மாசி, பங்குனி நல்ல காலம். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்துவிட்டு, விதானையாருக்கும் ஊராருக்கும் சொல்லி, அவர்கள் காட்டுகிற இடத்தில் கட்டுங்கள். சவுக்கம் சருகு எளிதில் பற்றும், நெருப்பு மூட்டவேண்டாம். மணற்காட்டுக்குப் பதிலாகச் சுண்டிக்குளம் போகலாம் என்று நினைத்தால், அது 2015இலிருந்து தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அங்கே இரவு தங்கக்கூடாது. எங்கே போனாலும் மிதிவெடிப் பலகை கண்டால் ஓர் அடி கூட முன்னே வைக்காதே.

மருமகன் தாளைத் திருப்பிப் பார்த்தான். முப்பதில் ஏழு மிஞ்சியிருந்தது.

"அப்ப நாலு பேருக்கும் நாலு வாங்கட்டோ?"

"ஒண்டு வாங்குங்கோ. எங்கடை வளவிலை வேம்புக்கும் பூவரசுக்கும் நடுவிலை கட்டி, நாளுக்கு ஒருத்தனாப் படுத்துப் பாருங்கோ. முதுகு நொந்தவன் எது பிழையெண்டு சொல்லுவான். அதுக்குப் பிறகு மற்ற மூண்டையும் வாங்கலாம்."

எழுந்தவன், நூலோடு கிடந்த கோப்பையைப் பார்த்தான். "மாமா, இதைக் கொண்டுபோகட்டோ? அவங்களுக்கும் காட்ட வேணும்."

"நூலைக் கொண்டு போ. கோப்பைக்கு மாமியைக் கேள்."