கருப்பொருளும் கற்பித்தலும்: தொடக்கநிலை வகுப்பின் ஓராண்டுப் பொருளாக மாட்டுத்தாவணி

முன்னுரை

தொடக்க வகுப்புகளில் மொழி, கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய பாடங்களை ஒரே பொருளைச் சுற்றி ஆண்டு முழுவதும் அமைத்துக் கற்பிக்கும் முறை கருப்பொருள்வழிக் கற்பித்தல் எனப்படுகிறது. கடல், காடு, சந்தை என எதுவும் அப்பொருளாகலாம். நடைமுறையில் இம்முறை சுவர்ப்படங்களோடும் விழாநாள் அலங்காரத்தோடும் நின்றுவிடுவதுண்டு. ஒரு பொருள் ஓராண்டைத் தாங்க வேண்டுமெனில் அதற்கு உள்ளமைப்பு வேண்டும். அவ்வமைப்பைத் தமிழ்ப் பொருளிலக்கண மரபிலிருந்து பெறலாம் என்பதையும், அதற்கு வகுக்கவேண்டிய எல்லையையும் மதுரை மாட்டுத்தாவணியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

ஜான் டூயி 1896இல் சிகாகோவில் நிறுவிய ஆய்வுப் பள்ளியில் சமையல், நெசவு, தச்சு முதலிய தொழில்கள் பாடங்களை இணைக்கும் மையங்களாயின. கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையை விளக்கினார். இந்தியாவில் 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் உருப்பெற்ற ஆதாரக் கல்வி, கைத்தொழிலை மையமாக்கிப் பிற பாடங்களை அதனோடு இயைபுபடுத்தியது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022-23இல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தையின் கற்றல் நிலையை அடிப்படையாகக் கொண்டவை. அரும்பு, மொட்டு, மலர் என்னும் பகுப்பு அந்நிலையைக் குறிப்பது. கற்றல் நிலை கற்பித்தலின் வேகத்தை வரையறுக்கிறது; கருப்பொருள் அதற்கு உள்ளடக்கத்தைத் தருகிறது. எனவே இவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

முதல், கரு, உரி

இன்று மையப்பொருள் என்னும் பொருளில் வழங்கும் ‘கருப்பொருள்’ என்ற சொல், இலக்கண மரபில் தனித்து நிற்பதன்று. தொல்காப்பியம் அகத்திணைப் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக்கி, அவற்றை ஒன்றினொன்று சிறந்தவையாக வரிசைப்படுத்துகிறது. நிலமும் பொழுதும் முதல். உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கரு. மாந்தர் ஒழுக்கம் உரி. சுவர்ப்படத்தோடு நின்றுவிடும் வகுப்பில் இருப்பது கரு மட்டுமே. அங்கே பொழுது நகர்வதில்லை, மாந்தரும் இல்லை.

மாட்டுத்தாவணியில் இம்மூன்றும் அமைகின்றன. பேருந்து நிலையம், பூச்சந்தை, காய்கறிச் சந்தை ஆகியவை நிலம். பள்ளி ஆண்டு முதுவேனிலில் தொடங்கி, கார், கூதிர், முன்பனி வழியாகப் பின்பனியில் முடிகிறது. இளவேனிலின் பெரும்பகுதி விடுமுறையில் கழிகிறது. இவ்வரிசையை மல்லிகை வரத்தே காட்டிவிடும். கோடையில் மிகுதியாக வரும் பூ, மார்கழிப் பனியில் குறைந்து விலையேறி, மாசி, பங்குனியில் மீண்டும் பெருகுகிறது. மாதந்தோறும் விலையைச் சுவரில் எழுதிவரும் வகுப்பு, பெரும்பொழுதையும் கணக்கையும் ஒருங்கே கற்கிறது. மதுரைக்காஞ்சி காட்டும் நாளங்காடி, அல்லங்காடி என்னும் பகுப்பைச் சிறுபொழுதுக்கு எடுத்துக்காட்டலாம்.

பூவை அளக்கும் முழம் சிறந்த கணக்குப் பாடம். ஒரே சரத்தைக் குழந்தைகள் தம் கையால் அளந்தால் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். பொதுவான அளவை ஏன் வேண்டும் என்னும் வினா அவர்களிடமிருந்தே எழும். மீட்டர் அதற்கு விடையாக வந்துசேரும்.

எழுத்தறிவின் இடம்

பொருள் எவ்வளவு சுவையுடையதாயினும், குழந்தை எழுத்தை அறியாவிடில் முறை தோற்றதாகும். ‘மல்லிகை’ என்று நன்கு பேசும் குழந்தைக்கு அச்சொல்லில் வரும் மெய்யும் உயிர்மெய்க் குறியீடுகளும் கடினமானவை. ஆகவே சந்தைச் சொற்களையும் நிலைவாரியாகப் பகுக்க வேண்டும். பூ, கடை, பழம், மாடு ஆகியவை தொடக்கத்திலும், கூடை, எடை, விலை ஆகியவை அடுத்தும், மல்லிகை, தராசு, பேருந்து ஆகியவை பின்னரும் இடம்பெறலாம். ‘படி’ அளவையாகவும் ஏறும் படியாகவும் படித்தலாகவும் பொருள்படும். ஆடையாக மட்டும் அறிந்த ‘தாவணி’ மாட்டுச் சந்தையையும் குறிக்கும் என்று அறியும்போது, ஊர்ப்பெயரே சொற்பொருள் பாடமாகிறது. வீட்டு வழக்கைத் திருத்தி ஒதுக்காமல், அதனருகே எழுத்து வழக்கை வைத்து இரண்டையும் ஒப்பிடச் செய்வது ஆசிரியர் பணி.

தொழிலும் எல்லையும்

உள்ளூர்த் தொழிலைப் பாடமாக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் குடும்பத் தொழிலைக் கற்க வழிசெய்தது. குலக்கல்வி என எதிர்க்கப்பட்ட அத்திட்டம், 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. பூக்கட்டும் தாயின் குழந்தையை வகுப்பில் பூக்கட்ட வைப்பது அவ்வரலாற்றை மறந்த செயலாகும். அத்தாயின் உழைப்புக்கு என்ன கூலி, மல்லிகை எந்த ஊரிலிருந்து வருகிறது, எந்த ஊருக்குப் போகிறது என எல்லாக் குழந்தைகளையும் வினவச் செய்வதே கற்பித்தல். இங்குத் தொழில் அறியும் பொருளாகிறது. குழந்தைக்கு விதிக்கப்பட்ட பணியாவதில்லை. உரிப்பொருளின் இடமும் இதுவே. பெற்றோர் தொழிலைக் கேட்டுப் பட்டியலிடுவதும், ஒரு குழந்தையின் வறுமையைக் காட்சியாக்குவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

நிறைவுரை

ஓராண்டுக் கருப்பொருளின் தகுதியை மூன்று வினாக்களால் அளக்கலாம். பருவந்தோறும் அதில் மாற்றம் நிகழ்கிறதா? அதன் சொற்கள் குழந்தையின் எழுத்தறிவு நிலைக்கேற்பப் பகுக்கப்பட்டுள்ளனவா? அது குழந்தையைத் தன் தெருவுக்கு அப்பால் அழைத்துச் செல்கிறதா? மாட்டுத்தாவணி மூன்றுக்கும் இடமளிக்கிறது. அங்குள்ள பேருந்துகளின் பெயர்ப்பலகைகளே குழந்தைக்கு முதல் வாசிப்பு நூலாகலாம். சந்தை அதற்குத் தன் ஊரைக் காட்டும்; பலகையிலுள்ள ஊர்ப்பெயரைத் தானே படிக்கும் திறன் பிற ஊர்களை அதற்குத் திறந்துவிடும்.