அரைகுறைக் காரும் அதன் நியாய விலையும்

குளிர்காலம் முடிந்து வீதிகளில் படிந்த உப்பை மழை கழுவியதும், ரொறன்ரோப் பெருநகரில் பழைய கார்கள் மெல்ல வெளியே வரத் தொடங்கும். அவற்றோடு கூடவே, வேலை முடியாத பழைய கார்கள் விற்பனைக்கு உண்டு என்ற அறிவித்தல்களும் வரும். இயந்திரம் ஒரு மூலையில், கதவுகள் இன்னொரு மூலையில், திருகாணிகள் பைகளில் என்று யாரோ ஒருவருடைய கராஜில் பல வருடங்களாகக் கிடக்கும் கார் அது. எம்மவர் வீடுகளிலும் இப்போது இந்த ஆசை புகுந்துவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்த மகன், உழைத்துச் சேர்த்த பணத்தில் 1968ஆம் ஆண்டுக் கமாறோ ஒன்றை வாங்கப்போவதாகச் சொல்கிறான். "துருப்பிடித்த தகரத்துக்கு முப்பத்தையாயிரம் டொலரா?" என்று தாயார் தலையில் கைவைக்கிறார். மகனின் ஆசையைக் குறைசொல்ல நாம் வரவில்லை. தாயாரின் பயமும் வீணான பயமன்று. அந்தக் காருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் வீட்டிலுள்ள சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் இந்தக் கார்களைப் பற்றிச் சில வார்த்தைகள். நடுத்தர அளவுள்ள காரினுள் பெரிய காருக்குரிய இயந்திரத்தைப் பொருத்திச் சாதாரண உழைப்பாளி வாங்கக்கூடிய விலைக்கு விற்பதே 'மஸில் கார்' எனப்படுவதன் சூத்திரம். 1964ஆம் ஆண்டு மாதிரியாகப் பொன்ரியாக் நிறுவனம் தனது ரெம்பெஸ்ற் காரினுள் 389 கன அங்குல இயந்திரத்தை வைத்து ஜி.ரி.ஓ. என்ற பெயரில் விற்றபோது இந்த மோகம் பற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஏப்ரிலில் போர்ட் மஸ்ராங் வந்தது. 1967ஆம் ஆண்டு மாதிரியாகக் கமாறோ வந்தது. காப்புறுதிக் கட்டணம் ஏறியதும், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும், 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அந்தக் காலத்தை முடித்துவைத்தன. எமது மாகாணத்துக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1966 முதல் 1969 வரை பியூமொன்ற் என்ற தனிப் பெயரில் ஒரு காரைக் கனடியச் சந்தைக்கென்றே ஜெனரல் மோட்டர்ஸ் விற்றது. பிற்காலத்தில் 2009 முதல் 2015 வரை ஒஷாவாவில் புதிய கமாறோவும், 2023 இறுதி வரை பிரம்ரனில் டொட்ஜ் சலஞ்சரும் செய்யப்பட்டன.

இனி விலைக்கு வருவோம். விற்பவர் பெரும்பாலும் தமது செலவுக் கணக்கையே முன்வைப்பார். "பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கினேன், இயந்திரத்துக்கும் நிறப்பூச்சுக்கும் இருபத்தையாயிரம் போட்டேன், முப்பத்தையாயிரம் தந்தால் போதும்" என்பார். கேட்கும்போது அவருக்கே நட்டம் போலத் தோன்றும். நகை அடகு வைத்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் இந்தக் கணக்கிலுள்ள பிழை உடனே விளங்கும். தாலிக்கொடியை விற்கப் போனால், பத்தர் பெற்ற செய்கூலியை எந்தக் கடைக்காரரும் திருப்பித் தருவதில்லை. தட்டில் வைத்து நிறுத்து, பொன்னுக்குரியதையே தருவார். அரைகுறைக் காரும் அவ்வாறே. கடந்துபோன செலவு விற்பவருடையது. இனி வரப்போகும் செலவு வாங்குபவருடையது. விலை பேசும்போது பார்க்கவேண்டியது இரண்டாவதை.

உதாரணமாக, அதே ஆண்டின் அதே மாதிரிக் கார், வேலை முடிந்து நல்ல ஓட்டத்தில், கனடிய டொலரில் 50,000 பெறும் என்று வைத்துக்கொள்வோம். மிகுதி வேலைக்கு, அதாவது ஆசனங்கள், மின்கம்பிகள், கண்ணாடிகள், தடுப்புகள், குரோம் பாகங்கள் ஆகியவற்றுக்கு, உதிரிப்பாகச் செலவு 14,000 என்போம். வேலைத்தலத்தில் 150 மணித்தியாலம், மணித்தியாலம் 120 டொலர் வீதம் 18,000. மொத்தம் 32,000. ஐம்பதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது 18,000. இத்துடன் கணக்கு முடியவில்லை. பிரித்துப் போட்ட காரில் கண்ணுக்குத் தெரியாத வேலை எப்போதும் ஒளிந்திருக்கும். மிகுதி வேலையின் காற்பங்கையாவது, இங்கே 8,000 டொலரை, அதற்கென ஒதுக்கினால் பேச்சைத் தொடங்கவேண்டிய இடம் 10,000. பத்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் எங்கு முடிந்தாலும் அது நியாயமான வியாபாரமே. முப்பத்தைந்து என்பது வேறொருவருடைய ஆசைக்கு நாம் கட்டும் வட்டி.

"கூலி கொடுக்கத் தேவையில்லை, நானே செய்வேன்" என்று மகன் சொல்லக்கூடும். செய்யட்டும். ஆனால் அந்த 18,000 டொலர் கூலியை விலையோடு கூட்டி விற்பவரின் கையில் கொடுத்துவிட்டால், அவன் வார இறுதிகளில் இலவசமாக உழைப்பது முன்னைய சொந்தக்காரருக்காகத்தான்.

இங்கே ஒன்றையும் சொல்லவேண்டும். இவ்வகைக் கார்களை விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். வேலையிழப்பு, நோய், மணமுறிவு, பிள்ளை பிறப்பு, வாடகை வீட்டுக்கு மாறுதல் என்று ஏதோ ஒன்று குறுக்கிட்டுத்தான் வேலை நின்றிருக்கும். ஆகவே "ஏன் நிறுத்தினீர்கள்?" என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும். அதற்கு வரும் பதில் காரைப் பற்றியும் நிறையச் சொல்லும். புறப்படும் அவசரத்தில் காணியையும் நகையையும் கேட்டவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாம். அவசரத்தில் இருப்பவரிடம் அடித்துப் பிடுங்குவது எப்படியிருக்கும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பத்தாயிரம் பெறுமதியுள்ளதை மூவாயிரத்துக்குக் கேட்பதும் நியாயமன்று.

ஒன்ராறியோவில் விலையை முதலில் தீர்மானிப்பது துரு. வீதி உப்பு அறுபது வருடக் காரை அடியிலிருந்து தின்னும். பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு, பொருட்பெட்டியின் தளம், காலடித் தளம், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள பகுதி ஆகியவற்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனால் போதும். பூச்சு எவ்வளவு பளபளத்தாலும், காந்தம் ஒட்ட மறுக்கும் இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பசை நிரப்பியிருக்கிறது என்று அறியலாம். புதிய பூச்சைக் கண்டு மயங்கவேண்டாம். அடிப்பகுதியைச் சீர்செய்யாமல் பூசப்பட்ட நிறத்தை வெட்டி எறிந்துவிட்டே மீண்டும் தொடங்கவேண்டியிருக்கும். 1967 முதல் 1969 வரையான கமாறோவுக்கும் அறுபதுகளின் மஸ்ராங்குக்கும் முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆகவே உக்கிப்போன உடலுக்கு அதிக விலை கொடுக்கக் காரணமில்லை. பியூமொன்ற் போன்ற அரிய காரில் நிலைமை மாறும். அதன் இயந்திரமும் உடலின் பெரும்பகுதியும் செவ்ரொலே காருடன் பொதுவானவை. முன்முகப்பு, பின்விளக்கு, பெயர்ச்சின்னம் முதலியன அதற்கே உரியவை. அவை தொலைந்திருந்தால் தேடித் திரியவேண்டும். எனவே பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றாக எண்ணி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் விலை பேசலாகாது.

அடுத்தது காரின் அடையாள இலக்கம். சாதாரண காரைப் பெரிய இயந்திரத்துடன் பிறந்த கார் என்று விற்பது இத்துறையில் பழைய வித்தை. 1967 முதல் 1969 வரையான கமாறோவின் இலக்கம் 124 என்று தொடங்கினால் அது எட்டுச் சிலிண்டருடன் பிறந்தது. 123 என்றால் ஆறு. 1966 முதல் 1971 வரையான உண்மையான ஜி.ரி.ஓ. 242 என்று தொடங்கும். இலக்கத் தகடு கழற்றப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் அவ்விடத்தை விட்டு நீங்கிவிடவேண்டும். அது குற்றவியல் சட்டத்தோடு தொடர்புடைய விடயம்.

தொலைக்காட்சி ஏல விற்பனைகளைக் காட்டி விலை கேட்பவர்களும் உண்டு. 'புல்லிற்' என்ற 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஸ்ரீவ் மக்குயின் ஓட்டிய மஸ்ராங் 2020 ஜனவரியில் புளோரிடாவில் கட்டணங்களுடன் 37 இலட்சத்து 40 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. அது பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்ட கார்கூட அன்று. 1974இல் 6,000 டொலருக்கு வாங்கிய குடும்பம் அதை அன்றாடத் தேவைக்கு ஓட்டியது. ஆசிரியையான மனைவி அதில்தான் பாடசாலைக்குப் போய்வந்தார். (ஆசிரியத் தொழில் பார்த்த எமக்கு இதில் ஒரு சின்னச் சந்தோசம்.) பிறகு பல வருடங்கள் அது ஓடாமல் கிடந்தது. அந்த விலை, காரின் வரலாற்றை ஐயமற நிறுவிய கடிதங்களுக்கும் பத்திரங்களுக்கும் கிடைத்த விலை. பக்கத்து வீதிக் கராஜில் கிடக்கும் மஸ்ராங்குக்கு அக்கணக்கு செல்லாது. விலை வழிகாட்டிகள் பலவும் அமெரிக்க டொலரில் இருப்பதையும் மறக்கவேண்டாம்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, தனியார் விற்பனையில் பாவித்த வாகனத் தகவற் பொதியை விற்பவரே சேவிஸ் ஒன்ராறியோவில் பெற்றுத் தரவேண்டும். இம்மாகாணத்தில் அக்கார் யார் யார் பெயரில் இருந்தது, அதன்மீது கடன் பிடிப்பு உண்டா என்பன அதில் இருக்கும். பெயர் மாற்றும்போது 13 வீத வரி வாங்குபவருடையது. 18,000 டொலருக்கு அது 2,340 டொலர். "தொகையைக் குறைத்து எழுதித் தருகிறேன்" என்ற தயவை ஏற்கவேண்டாம். பொய்க் கையொப்பம் வைப்பவர் நீங்களும்தான். பாதுகாப்புத் தரச் சான்றிதழ் இல்லாத கார் 'வீதிக்குத் தகாதது' என்றே பதியப்படும். அதைத் தகுதியாக்கும் செலவையும் மேற்படி 32,000 டொலர்க் கணக்கினுள் சேர்க்கவேண்டும்.

கடைசியாக, காரைப் பார்க்கப் போகும்போது யாரைக் கூட்டிச் செல்வது என்பது. வீட்டில் தகப்பனார் இருந்தால் அவரையே. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில், சிறு போத்தலில் பதுக்கிய பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு இயக்கி, சூடேறியதும் ஒஸ்ரின் ஏ-40ஐயும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இங்கே தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் காலத்தைக் கழித்த அவர்களிடம் காரைப் பற்றி எவரும் கேட்டதில்லை. கணினி இல்லாத இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லும் காது அவர்களுக்கு உண்டு. மகன் விலையைப் பேசட்டும். தகப்பனார் ஒரு சாக்கை விரித்து, காருக்கு அடியில் படுத்துப் பார்க்கட்டும். அவர் எழும்பி வரும்வரை பணப்பையை வெளியில் எடுக்கவேண்டாம்.