காலும் காலமும்

பெலேயா, மாரடோனாவா, மெஸ்ஸியா? கால்பந்தாட்டத்தின் ஒப்பற்ற வீரர் யார்? உலகக் கோப்பை வந்துவிட்டால் தேநீர்க் கடைதோறும் இந்த வழக்குத்தான். வாதம் சூடேறுகிறது, தேநீர் ஆறுகிறது. தீர்ப்பு மட்டும் வருவதில்லை!

"1958, 1962, 1970 என மூன்று முறை கோப்பை வென்ற அணியிலே இருந்தவர் பெலே, வேறு எவருக்குண்டு அந்தப் பெருமை?" என்கிறார் ஒருவர். "1986-லே இங்கிலாந்து வீரர்களை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து மாரடோனா போட்ட கோலை மறந்தீரோ?" என்கிறார் அடுத்தவர். "35 வயதிலே, 2022-லே, கத்தாரிலே கோப்பையைத் தூக்கினாரே மெஸ்ஸி!" என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் உண்மை. ஆனால், மூன்றையும் ஒரே தராசிலே நிறுக்க முடியுமா?

1966-லே போர்த்துக்கல் ஆட்டக்காரர்கள் பெலேயை உதைத்து வீழ்த்தினர். மாற்று ஆளை இறக்க அன்று விதியில்லை; நொண்டியபடியே திடலிலே நின்றார். மாற்று ஆட்டக்காரரும், மஞ்சள் - சிவப்பு அட்டைகளும் உலகக் கோப்பைக்கு வந்தது 1970-லே! அன்று மழையிலே நனைந்து கனக்கும் தோல் பந்து; இன்று நீர் புகாத பந்து. காலை மட்டும் பார்த்து, காலத்தைப் பாராமல் தீர்ப்புக் கூறலாமா?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை நாம் கேட்கிறோம். ஆடியவர்களிலே பெரியவர் யார் என்கிறீர்களே, ஆடவே விடப்படாதவர்கள் எத்தனை பேர்?

பிரேசில் நாட்டு ரியோ நகரம். பந்தாட்டம் அங்கே செல்வச் சீமான்களின் பொழுதுபோக்காக இருந்த காலம். 1923-லே வாஸ்கோ ட காமா என்ற கழகம் கறுப்பரையும் கலப்பினத்தவரையும் ஏழைத் தொழிலாளரையும் களமிறக்கியது. வாகனம் ஓட்டியவர், சுவருக்கு வண்ணம் பூசியவர், துறைமுகத்திலே சுமை தூக்கியவர் — இவர்களைக் கொண்ட அணி, சீமான்களின் அணிகளை வீழ்த்தி நகரக் கோப்பையை வென்றது!

பொறுத்தார்களா பெருங்கழகத்தார்? 1924-லே தனிச் சங்கம் அமைத்தனர். "உங்கள் ஆட்டக்காரர் 12 பேரை நீக்கிவிட்டு வாருங்கள்" என்றனர். தொழில் சரியில்லையாம், எழுத்தறிவு இல்லையாம்! திறமையிலே தோற்றவர்கள் தகுதி பேசினார்கள்! இந்தப் பேச்சை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா, தோழர்களே?

வாஸ்கோ தலைவர் பிரெஸ்டெஸ் பணியவில்லை. தோழர்களைத் தள்ளிவிட்டு உங்களோடு சேரமாட்டோம் என்று ஏப்ரல் 7-ல் கடிதம் எழுதினார். மறு ஆண்டே அக்கழகத்தைச் சங்கம் சேர்த்துக்கொண்டது. 1927-லே ஆதரவாளர்கள் தந்த பணத்தால் சொந்தத் திடலும் எழுந்தது.

திறந்த அந்தக் கதவின் வழியே பின்னர் வந்தவர்கள் யார்? துணி ஆலையிலே வேலை பார்த்த, வளைந்த கால்கொண்ட காரிஞ்சா! பெலே காயமுற்ற 1962-லே பிரேசிலுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். சிறு வயதிலே காலணி துடைத்த பெலே! இவ்விருவரும் சேர்ந்து ஆடிய எந்தப் பந்தயத்திலும் பிரேசில் தோற்றதில்லை.

ஆகவே, பெலேயா மெஸ்ஸியா என்று வாதாடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பட்டியலின் தலைப்பிலே எவர் பெயரையும் எழுதுங்கள். ஆனால், எழுதுமுன் எண்ணிப் பாருங்கள்: 1924-லே நீக்கச் சொன்ன அந்தப் பன்னிருவர் நீக்கப்பட்டிருந்தால், எத்தனை பெயர்கள் பட்டியலுக்கு வந்திருக்கும்? வாயிலைத் திறந்து வைப்போம். வல்லவர் யாரென்று திடல் சொல்லட்டும்!