24 பைட்டுக்குள் ஒரு செஸ் போர்டு

1981ல் இங்கிலாந்தில் இசட்எக்ஸ்81 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. அதன் மெமரி வெறும் 1 கிலோபைட், அதாவது 1024 பைட்கள். திரையில் தெரியும் எழுத்துகளுக்கும் இதற்குள்ளேயேதான் இடம் தர வேண்டும். 1982ல் டேவிட் ஹார்ன் என்பவர் இந்த மெஷினுக்கு 672 பைட்களில் ஒரு செஸ் புரோகிராம் எழுதினார். காஸ்லிங் கிடையாது, சிப்பாய் கடைசிக் கட்டத்திற்குப் போனால் ராணியாக மாறாது. ஆனாலும் உங்களுடன் ஆடும்!

இன்று மெமரியை கிகாபைட் கணக்கில் வாங்குகிறோம். பிறகு ஏன் பைட்டை எண்ண வேண்டும்? ஒரு கோடி செஸ் நிலைகளை ஹார்ட் டிஸ்க்கில் சேமிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்திற்கு ஒரு பைட் என்றால் ஒரு நிலைக்கு 64 பைட்கள். மொத்தம் 640 மெகாபைட். ஒரு சிடி ஏறக்குறைய நிறைந்துவிடும்.

இதை எப்படிக் குறைப்பது? ஒரு கட்டத்தில் 13 விதமான நிலைகள்தான் இருக்க முடியும். ஆறு வெள்ளைக் காய்கள், ஆறு கறுப்புக் காய்கள், அல்லது காலி. 4 பிட்களைக் கொண்டு 16 விதங்களைக் குறிக்கலாம். எனவே ஒரு பைட்டில் இரண்டு கட்டங்கள் அடங்கும். 64 பைட் 32 ஆகிவிட்டது.

இன்னும் குறைக்கலாம். போர்டில் பாதிக்குக் குறையாமல் எப்போதும் காலிதான். காலிக் கட்டத்திற்கு எதற்கு 4 பிட்? முதலில் 64 பிட்கள் எழுதுங்கள்: காய் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இது 8 பைட்கள். பிறகு இருக்கும் காய்களை மட்டும் வரிசையாக 4 பிட் வீதம் எழுதினால் போதும். 32 காய்களும் இருந்தால் 16 பைட்கள். ஆக மொத்தம் 24. பத்துக் காய்களே மிஞ்சியிருந்தால் 13 பைட்களில் வேலை முடிந்தது.

அடுத்து ஆட வேண்டியது யார், காஸ்லிங் செய்ய முடியுமா என்பவற்றையும் குறிக்க வேண்டுமே? இங்கேதான் அழகான தந்திரம் ஒன்று உள்ளது. காய்கள் 12 வகைதான். 4 பிட்டில் நான்கு எண்கள் மிச்சம். இரண்டு, காஸ்லிங் உரிமை உள்ள வெள்ளை யானைக்கும் கறுப்பு யானைக்கும். ஒன்று, இப்போதுதான் இரண்டு கட்டம் தாண்டி வந்து, 'என் பாசான்' முறையில் வெட்டுப்படக்கூடிய சிப்பாய்க்கு. கடைசி எண், கறுப்பு ஆட வேண்டிய நேரத்தில் கறுப்பு ராஜாவுக்கு. ஒரு பைட் கூட அதிகமாகாமல் எல்லாம் 24க்குள் அடங்கிவிட்டது.

இது சேமித்து வைக்க மட்டுமே நல்ல முறை. ஆடும்போது இப்படிச் சுருட்டி வைத்தால், ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்ப்பதற்கே நேரம் போய்விடும். அதனால் பல செஸ் புரோகிராம்கள் ஆடும்போது 'பிட்போர்டு' முறையைப் பயன்படுத்துகின்றன. 12 வகைக் காய்களுக்கும் தனித்தனியே ஒரு 64 பிட் எண். மொத்தம் 96 பைட்கள். இடம் நான்கு மடங்கு ஆனாலும் வேகம் அபாரம். வெள்ளைச் சிப்பாய்கள் எட்டையும் ஒரு கட்டம் முன்னே தள்ளிப் பார்க்க, அந்த எண்ணை 8 பிட் நகர்த்தி, காலிக் கட்டங்களுடன் ஒப்பிட்டால் போதும். 64 பிட் புராசஸருக்கு இது இரண்டே கட்டளை.