கண்ணாடி நூலில் கட்டிய படகு

திருப்பூரில் துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிறவர்கள் உண்டு. ஆனாலும் பேச்சு முடிவது ஜி.எஸ்.எம். கட்டரில்தான். அந்த வட்டக் கருவியைத் துணிமேல் அழுத்தி ஒரு திருகு திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டுப்பட்டு வரும். அதைச் சின்னத் தராசில் போட்டு, வந்த கிராமை 100ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. டி-ஷர்ட் என்றால் 160, 180. குளிருக்குப் போடும் ஃபிலீஸ் என்றால் 280, 300.

கடலோர ஊர்களில் படகுச் சாமான் விற்கும் கடைகளிலும் இதே கணக்குத்தான். அங்கே மூலையில் சுருள் சுருளாக நிற்கும் வெள்ளை மேட்டை 300 ஜி.எஸ்.எம்., 450 ஜி.எஸ்.எம். என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். அதுவும் துணிதான், நூல் மட்டும் பருத்தி இல்லை, கண்ணாடி. ‘பைபர் படகு’ என்று நாம் சொல்வது, கண்ணாடித் துணியை அடுக்கடுக்காக ரெசினில் நனைத்து இறுக வைத்த பொருள். பழைய படகைப் புதுப்பிக்க நினைக்கிறவர்களில் பலர் பெயின்ட் டப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது துணியிலிருந்து.

மணல் நூலாகும் விதம்

சிலிக்கா மணல், சுண்ணாம்புக்கல் முதலியவற்றை உலையில் உருக்கி, பிளாட்டினக் கலவைத் தட்டில் உள்ள நுண்துளைகள் வழியாக அதிவேகமாக இழுத்தால் கண்ணாடி இழை கிடைக்கும். ஓர் இழையின் தடிமன் 10 முதல் 20 மைக்ரான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கண்ணாடி டம்ளர் கீழே விழுந்தால் சிதறுகிறது, கண்ணாடி இழையோ எஃகுக் கம்பியோடு போட்டி போடுகிறது. இது ஏன் என்பதற்கு 1920களின் தொடக்கத்தில் ஆங்கிலப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் விடை கண்டார். கண்ணாடி உடைவது அதன் மேற்பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களால். இழை மெலிய மெலிய, பெரிய கீறலுக்கு அதில் இடமில்லாமல் போகிறது.

பல்லடம், சோமனூர் பக்கம் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்களே, அதுபோல இந்த இழைக்கும் ஒரு பூச்சு உண்டு. இழைகள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் காப்பது அதன் முதல் வேலை. அதில் சேர்க்கும் சிலேன் என்ற வேதிப்பொருள் இன்னொரு வேலையும் செய்கிறது: ஒரு முனையால் கண்ணாடியையும் மறு முனையால் ரெசினையும் பிடித்துக்கொள்கிறது.

இழைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கித் திசையில்லாமல் பரப்பி ஒட்டினால் மேட். இழைக் கட்டுகளைப் பாவும் ஊடுமாக நெய்தால் வோவன் ரோவிங். இழுவிசையைத் தாங்குவது ரோவிங். அடுக்குகளுக்கு நடுவே இடைவெளியை நிரப்பிப் பிணைப்பது மேட். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்குவது வழக்கம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் பாலியஸ்டர் ரெசினில் செய்த சிறு படகையே இந்த வகையின் முதல் படகாகப் பலரும் சொல்கிறார்கள். நம் கடற்கரைக்கு இது மெதுவாக வந்தது. கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அரிதாகி, விலையும் ஏறிக்கொண்டிருந்தது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1979இல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் மணல் கரையில் இறக்கி ஏற்றக்கூடிய பைபர் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிலைமை ஒரேயடியாக மாறியது. இழந்த கட்டுமரங்களுக்கும் வள்ளங்களுக்கும் பதிலாக நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பங்கு பைபர் படகுகள். அவசரத்தில் கட்டியவற்றின் தரம் பற்றி அப்போதே கேள்வி எழுந்தது. மேல்தளம் இல்லாத பைபர் படகைக் கட்டுவது எப்படி என்று 2009இல் அதே உணவு வேளாண் அமைப்பு ஒரு கையேடே வெளியிட்டது.

படகுக்கு வயதாவது எப்படி?

படகின் வெளிப்புறத்தில் பளபளப்பாக இருப்பது பெயின்ட் இல்லை, ஜெல்கோட். நிறமி சேர்த்த ரெசின் அது. தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல ஒட்டுகிறதே, அது அறுந்த சங்கிலிகளும் பிடிப்பில்லாமல் வெளியே வந்த நிறமியும்தான். இது அழகுக் குறை, ஆபத்தில்லை.

தண்ணீர் செய்யும் வேலை வேறு. பாலியஸ்டரில் நீர் மூலக்கூறுகள் மிக மெதுவாக ஊடுருவும். உள்ளே போன நீர், ரெசினில் சரியாக இறுகாத பகுதிகளைச் சிதைத்து அமிலமும் கிளைக்காலும் உண்டாக்குகிறது. அந்தக் கரைசல் சவ்வூடு பரவல் முறையில் மேலும் தண்ணீரை இழுக்கிறது. சாயப் பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. எந்திரத்தில் பம்பை வைத்து எதிர்த்துத் தள்ளுகிறோமே, அதே விசைதான் இங்கே தடுப்பாரின்றி நடக்கிறது. விளைவு, ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளம். ஊசியால் குத்தினால் வினிகர் வாடையோடு பிசுக்கான நீர் வரும். தண்ணீரிலேயே கிடக்கும் சுற்றுலாப் படகுகளில் இது அதிகம். தினம் கரையேறிக் காயும் மீன்பிடிப் படகில் வேறு தொல்லை: மணலில் இழுபட்டு இழுபட்டு ஏரா, அதாவது அடிப்பகுதியின் நடுத்தண்டு, தேய்ந்து துணி வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

பரிசோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு ஐந்து ரூபாய் நாணயம் போதும். படகின் உடம்பு முழுக்க அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகிவிடும். அங்கே பென்சிலால் வட்டம் போட்டுவிட வேண்டும். இன்ஜின் மாட்டும் பின்பலகையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் வயிற்றில் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும்; போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மக்கிவிடும். சின்னதாகத் துளையிட்டுப் பார்த்தால், வரும் மரத்தூள் ஈரமா உலர்வா என்பதே பதில் சொல்லிவிடும்.

ஒட்டின் கணக்கு

கழுவுவதிலேயே ஒரு வரிசை இருக்கிறது. படகை அச்சிலிருந்து எடுக்கப் பூசிய மெழுகும், பளபளப்புக்காகப் பின்னால் போட்ட மெழுகும் மேற்பரப்பில் இருக்கும். முதலில் அதைக் கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து எடுத்த பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும். முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். அதன்மேல் எதுவும் பிடிக்காது.

புதிய ரெசின் பழைய ரெசினோடு வேதிமுறையில் பெரிதாகச் சேர்வதில்லை. பழையது இறுகி முடிந்துவிட்டது. கைகோக்க அதில் மிச்சமில்லை. ஆகவே ஒட்டு நிற்பது சொரசொரப்பாலும் பரப்பாலும்தான். இதற்காகவே உடைந்த இடத்தின் விளிம்பைச் செங்குத்தாக வெட்டாமல், கிரைண்டரால் சரிவாகத் தேய்க்கிறார்கள். சரிவுக்கு ஒரு விகிதம் உண்டு: தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலம். படகின் சுவர் 5 மில்லிமீட்டர் என்றால் ஓட்டையைச் சுற்றி 6 சென்டிமீட்டர் சரிவு. கைப்பிடி அளவு ஓட்டை தட்டு அளவுக்குப் பெரிதாவதைப் பார்த்தால் பகீரென்று இருக்கும். ஆனால் விசை பழைய துணியிலிருந்து புதிய துணிக்கு ஒட்டின் வழியாகத்தான் கடக்க வேண்டும். பரப்பு குறைந்தால் அலையின் முதல் மோதலிலேயே ஒட்டு உரிந்துவிடும்.

அடுத்தது ஈரம். தேய்த்த இடத்தின்மேல் ஒரு பாலித்தீன் தாளை நான்கு புறமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பார்க்க வேண்டும். உட்புறம் வேர்த்திருந்தால் படகு இன்னும் காயவில்லை. காயாத படகில் போடும் ஒட்டு, ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரிதான்.

பிறகு ஜி.எஸ்.எம். கணக்கு. மேட் தன் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். ஆக 450 ஜி.எஸ்.எம். மேட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ 100 கிராம் ரெசின். இறுகியபின் தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர். நெய்த ரோவிங்குக்குத் தன் எடை அளவே போதும். ரெசின் கூடினால் பலம் கூடும் என்பது தப்புக்கணக்கு. பலம் துணியில் இருக்கிறது. அதிக ரெசின் படகைக் கனமாக்கி, எளிதில் விரிசல் விடவும் வைக்கும்.

ரெசினை இறுக வைப்பவை இரண்டு: ஊதா நிற கோபால்ட் ஆக்சிலரேட்டர், எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு கேட்டலிஸ்ட். ரெசினோடு ஆக்சிலரேட்டரை முதலில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இவை இரண்டும் நேராகச் சந்தித்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கக் கூடாது. அளவு ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலில் 1 சதவீதமே வேகமாக இறுகிவிடும். இறுகும்போது வெப்பம் வெளிவரும்; ஒரு கிலோவை மக்கில் கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது மக்கு புகைந்துகொண்டிருக்கும். அகலத் தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே வழி.

மேட்டை விரித்து ரோலரால் ரெசினை உருட்டும்போது ஒரு வேடிக்கை நடக்கும். வெள்ளைத் துணி கண்ணெதிரே மறைந்துபோகும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் ரெசினின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று, ஏறக்குறைய 1.55. ஒளி எங்கேயும் சிதறாமல் நேராகக் கடந்துவிடுவதால் இழை இருப்பதே தெரிவதில்லை. ஆகவே எங்கே இன்னும் வெள்ளையாகத் தெரிகிறதோ, அங்கே காற்று மாட்டியிருக்கிறது. வரிப் பள்ளம் உள்ள இரும்பு ரோலரை அங்கே மறுபடி உருட்ட வேண்டும். கைத்தேர்ச்சி உள்ளவர்கள் இந்த ஒளியியலைப் பாடமாகப் படித்ததில்லை. வெள்ளை போகும்வரை விடமாட்டார்கள்.

கடைசியில் பெயின்ட்

ஜெல்கோட்டை ஒட்டின்மேல் பூசினால் மறுநாளும் பிசுபிசுக்கும். பாலியஸ்டர் இறுகும் வினையைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் தடுத்துவிடுகிறது. அச்சுக்குள் வார்க்கும்போது அந்தப் பக்கம் காற்று படாததால் பிரச்சினை இல்லை. வெளியே பூசும்போது கொஞ்சம் மெழுகுக் கரைசல் சேர்த்தால், அது மேலே மிதந்து வந்து மூடிக்கொள்ளும். எபாக்சி ரெசினால் ஒட்டுப் போட்டிருந்தால் பிடிப்பு பாலியஸ்டரைவிட உறுதி. ஆனால் அதன்மேல் ஜெல்கோட் சரியாக ஒட்டாது. எபாக்சி பிரைமர் அடித்து, இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடிப்பதுதான் முறை.

பி.யூ. பெயின்ட்டை வீட்டில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ரோலரால் மெல்லியதாக உருட்டி, காய்வதற்குள் பிரஷ் நுனியால் நீவிவிட்டால் ஸ்ப்ரேக்குச் சமமாக வரும். தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூசிக்கும் ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் வாடைக்கும் திறந்த வெளியும் வடிகட்டி உள்ள மாஸ்க்கும் அவசியம். மீன்பிடிப் படகென்றால், ஐ.என்.டி.–டி.என். என்று தொடங்கும் பதிவு எண்ணை அழிப்பதற்கு முன் படம் எடுத்து வைப்பது நல்லது. கடலில் காவல் படகு முதலில் பார்ப்பது அதைத்தான்.

திரும்ப நூலாகாத துணி

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் புதுப் படகு வாங்கிவிடலாமே என்று தோன்றும். பின்பலகையும் ஏராவும் சேர்ந்தே போய்விட்ட படகுக்கு அது சரிதான். மற்றவற்றுக்கு, பழையதை எங்கே போடுவது என்ற கேள்வி நிற்கிறது. திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் ஓ.இ. மில்லுக்குப் போய் மறுபடி நூலாகிறது. கண்ணாடித் துணிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இறுகிய ரெசினின் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துவிட்டன. சூடாக்கினால் உருகாது, கருகும்.

இந்தக் கேள்வி கடற்கரைக்கு மட்டும் உரியதல்ல. உடுமலை, தாராபுரம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளில் பல பின்னலாடை முதலாளிகளுக்கும் நூற்பாலைகளுக்கும் சொந்தமானவை. அவற்றின் இறக்கைகளும் கண்ணாடித் துணியும் ரெசினும்தான். மணலும் மழையும் அரித்த முன்விளிம்பைச் சரிசெய்வதும் தேய்ப்பது, அடுக்குவது, பி.யூ. பூசுவது என்ற இதே வரிசையில்தான். பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும், மாற்றவும், ஆயுளை நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. கழற்றும் இறக்கைகளுக்கு இப்போதைக்குத் தெரிந்த நல்ல வழிகளில் ஒன்று சிமென்ட் சூளை: ரெசின் எரிபொருளாகும், கண்ணாடியிலுள்ள சிலிக்காவும் கால்சியமும் சிமென்ட்டோடு சேரும். துணியாக இருந்த பலம் மட்டும் அத்தோடு போய்விடும்.

அந்தப் பலத்தைக் காப்பாற்றும் ஒரே மறுசுழற்சி, ஒட்டுப் போட்டு ஓட்டுவது. ஒழுங்காகத் துடைத்து, 12 மடங்கு சரிவெடுத்து, காயவிட்டு, வெள்ளை மறையும்வரை உருட்டிய ஒட்டு, படகின் மீதி உடம்பு இருக்கும்வரை இருக்கும். மேலே எந்த நிறம் என்பதை வீட்டில் யாரைக் கேட்டும் முடிவு செய்துகொள்ளலாம்.