மலையேறும் காரும் குளிர்சாதனமும்

தம்புள்ளையிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை நாவுல, மாத்தளை ஆகிய ஊர்களைக் கடந்து பலகடுவைக் கணவாயை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகிறது. சமவெளியில் யாதொரு குறையுமின்றி ஓடிவந்த பழைய கார், நண்பகல் வெயிலில் இவ்வேற்றத்தை அடைந்ததும் ஆவி கக்கி நின்றுவிடுவதுண்டு. உள்ளிருப்போருக்குக் குளிர், எஞ்சினுக்கோ கொதிப்பு. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு யாது?

பெட்ரோல் எரிவதால் எழும் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே காரை ஓட்டப் பயன்படுகிறது. மற்றதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. இன்னொரு பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏற்கிறது. அந்நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடுங்கால், முன்னிருந்து வீசும் காற்று அவ்வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது.

குளிர்சாதனம் இவ்வொழுங்கை இருவகையிற் குலைக்கிறது. முதலாவது, அதன் கம்பிரசரைச் சுழற்றுவது எஞ்சினே. இதற்கு மூன்று முதல் ஐந்து குதிரைவலு வரை செலவாகலாம். 1956 இல் வெளிவந்த மொரிஸ் மைனர் 1000 காரின் எஞ்சினுக்கு மொத்த வலுவே 37 குதிரைவலுதான். அத்தகைய காரிற் பிற்காலத்தில் குளிர்சாதனம் பொருத்தினால், பத்தில் ஒரு பங்கு வலு அதற்கே போய்விடும். இரண்டாவது, காரினுள்ளிருந்து அகற்றிய வெப்பத்தை வெளிவிடும் கண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னால் அமைந்திருக்கிறது. ஆதலால் ரேடியேட்டரை அடையும் காற்று முன்னரே சூடேறிவிடுகிறது.

ஏற்றத்தில் எஞ்சினுக்கு வேலை மிகுதி. வேகம் குறைவாதலால் காற்றும் குறைவு. போதாக்குறைக்கு, மாவட்டத்தின் வடபகுதி உலர்வலயத்தைச் சேர்ந்தது. அங்குக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீராகும். அதனையே ரேடியேட்டருக்கு ஊற்றிவந்தால், கேத்தலின் அடியிற் படிவது போன்ற வெண்படிவு குழாய்களையும் அடைக்கும்.

விலைக்கு வந்த கார்களுள் குளிர்சாதனத்தை முதன்முதல் பெற்றவை 1940 ஆம் ஆண்டின் பக்கார்ட் கார்கள். அவற்றிற் கம்பிரசரை நிறுத்த வேண்டின், எஞ்சினை மூடியிருக்கும் தகட்டைத் திறந்து பட்டியையே கழற்ற வேண்டியிருந்தது. பின்வந்த கார்களிலோ ஓர் ஆளியைத் தட்டினாற் போதும். வெப்பமானியின் முள் உயரத் தொடங்கியதும் சாரதி முதலிற் செய்யவேண்டியது அதுவே. அப்பாலும் முள் இறங்காவிடின், வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும்.

சூடாறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. அழுத்தத்தால் அடக்கப்பட்டு 100 பாகை சென்டிகிரேட்டிற்கு மேலும் கொதியாதிருந்த நீர், மூடி திறந்த கணமே ஆவியாய்ப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச்செய்யும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கவும் கூடும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிற் சேரும் தூசியையும் பூச்சிகளையும் அவ்வப்போது நீக்குவதும், கிணற்று நீருக்குப் பதிலாகத் தகுந்த கூலன்ற் திரவத்தை நிரப்புவதும் பயணத்திற்கு முன்னரே செய்யத்தக்கவை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளும் பழைய கார்களைக் காத்து ஓட்டுவதன்றிப் பலருக்கு வேறு வழியிருக்கவில்லை. அளவுமீறிச் சூடேறிய எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிட்டாற் செலவு பெரிது. பலகடுவை உச்சியை அடையும்வரை கண்ணாடியை இறக்கி, மலைக்காற்றை வாங்கிக்கொண்டு செல்வதற்கோ செலவேதும் இல்லை.