இறக்கிய ஏடு திறவாமை

நூல் நம்மிடம் உளது என்பதும், வேண்டும்போது அது படிக்கக் கிட்டும் என்பதும் ஒன்றல்ல. அச்சிட்ட நூலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, கணினியில் நாம் சேர்த்துவைக்கும் நூலுக்கு இன்னும் நன்கு பொருந்தும்.

பைதான், ஜாவா முதலிய மொழிகளில் நிரல் எழுதுவோர்க்கு அவற்றின் விளக்கவேடுகள் இன்றியமையாதன. அவற்றை இணையத்திற் காண்பதே பெருவழக்கு. ஆயின் 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் புறநகரிலும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. செமஸ்டர்ப் பரீட்சைகளும் பெரும்பாலும் அம்மழைக்காலத்தையொட்டியே வருகின்றன. கூடுவாஞ்சேரிக்கு அடுத்த இரயில் நிலையமாகிய பொத்தேரியில், எஸ்.ஆர்.எம். வளாகத்தைச் சூழ்ந்த விடுதிகளில் வதியும் மாணவர்க்கும், தாம்பரத்தில் உள்ள நமக்கும் இத்துன்பம் பொதுவே. மடிக்கணினியின் மின்கலம் தாங்குவது சில மணிநேரமே. அந்நேரத்தில் ஏடு திறவாதாயின் யாது பயன்?

இணையமின்றிப் படிக்க உதவுங் கருவிகளுள் ஆப்பிள் கணினிக்குரிய டாஷ், விண்டோஸ், லினக்ஸ் கணினிகளுக்குரிய ஸீல், உலாவியிலேயே இயங்கும் டெவ்டாக்ஸ் ஆகியன பெயர்பெற்றவை. முன்னைய இரண்டும் டாக்செட் என்னும் கோப்புறையைப் பயன்படுத்துவன. அதனுள் மூன்று உறுப்புக்கள் உள: தொகுதியின் பெயர் முதலியவற்றைக் கூறுங் குறிப்புக் கோப்பு ஒன்று, ஏட்டின் பக்கங்கள், ஒவ்வொரு சொல்லின் பெயர், வகை, அஃதிருக்கும் பக்கம் ஆகியவற்றைக் காட்டும் எஸ்க்யூலைட் அட்டவணை. பக்கங்கள் முழுமையாக இருந்தும் அட்டவணை பழுதுற்றால் தேடுவோர்க்கு ஒன்றும் தோன்றாது.

ஆதலின் ஏடு தோன்றாதபோது முறையாக ஆராய்தல் வேண்டும். முதலாவது, அது முழுதும் வந்ததா? சுருக்கிய வடிவில் வரும் தொகுதி, விரிந்தபின் பன்மடங்கு இடங்கொள்ளும். வட்டில் இடம் போதாதாயினும், இணைப்பு இடையில் அறுந்தாலும் அரைகுறையாய் நிற்கும். அதனை நீக்கி மீண்டும் இறக்குவதே தக்கது. இரண்டாவது, உரிய இடத்தில் உளதா? ஸீலின் அமைப்புப் பகுதியிற் குறித்த கோப்புறையும், நாம் வைத்த கோப்புறையும் ஒன்றாதல் வேண்டும். கையால் விரிக்கும்போது அதே பெயருடைய உறையினுள் மற்றோர் உறை அமைந்துவிடுவதும் உண்டு. உள்ளுறையை வெளியே எடுத்துவைத்துக் கருவியை மூடித் திறக்கவேண்டும்.

டெவ்டாக்ஸின் இயல்பு வேறு. அங்கே ஒரு மொழியைத் தெரிந்தெடுத்தல் ஒரு செயல். இணையமின்றிப் படிக்க அதனைப் பதித்தல் மற்றொரு செயல். முன்னையதை மட்டும் செய்தார்க்குத் தலைப்புக்கள் தோன்றும், பக்கங்கள் திறவா. பதித்ததும் அவ்வுலாவியின் சேமிப்பிலேயே தங்கும். ஆதலின் வேறு உலாவியிற் காணாது. தனிமைச் சாளரத்திற் பதித்தது அதனை மூடியதும் மறையும். உலாவியின் தளத்தரவுகளைத் துடைத்தால் அழியும். பலர் கையாளும் ஆய்வுக்கூடக் கணினியை நம்பியிருத்தல் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்து, நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-ல் நூலாக வெளியிட்டார். நூலைச் சேர்ப்பதோடு நூலகத்தின் கடன் முடிவதில்லை. படிப்பவர் கையில் அது சேர்தல் வேண்டும் என்பதே அவர் பணியின் சாரம். நம் கணினியும் ஒரு சிறு நூலகமே.

எனவே, இறக்கிய அன்றே ஒரு பரீட்சை செய்க. வைஃபையை நிறுத்திக் கருவியை மூடித் திறந்து, முன்னர்ப் பாராத ஒரு பக்கத்தைத் தேடுக. முன்பே பார்த்த பக்கம் உலாவியின் நினைவிலிருந்து தோன்றி நம்மை ஏமாற்றக்கூடும். புதிய பக்கம் திறந்தால் நூல் உண்மையில் நம்முடையது. திறவாதாயின் குறையைத் தீர்க்க அன்று இணைப்பு உண்டு, அவகாசமும் உண்டு. ஐப்பசி பிறக்குமுன் ஓட்டைப் பிரித்து வேய்வார் நம் முன்னோர். அம்முறையே இதற்கும் ஏற்றது.